உங்கள் நாட்டில் இந்தப் படம் இல்லை

பள்ளிவாசல்துறை
03.02.2025

அன்பு மச்சான் ஸஜீத்,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் எடுத்தால் "பிறகு கதைக்கிறேன்" என்று வெட்டுகிறாய். அதுதான் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, சிரிக்காமல் படி. உன் ராத்தா, என் பொஞ்சாதி நஃபீஸா சுகம், என்னை ஏசும் அளவுக்கு.

நீ எடுத்த படம் ஆப்பில் வந்த அன்று, அதில் நடித்த எங்கட படகுக்காரர் எல்லாரும் என் போன் கடைக்கு வந்துவிட்டார்கள். மகள் சப்னாவின் கார்டைப் போட்டோம். காசை எடுத்துக்கொண்டு, "உங்கள் நாட்டில் இந்தப் படம் இல்லை" என்கிறது! எங்கட கடல், எங்கட வலை, எங்களுக்கு மட்டும் இல்லையாம். அவர்களில் மூத்த அஸ்மி காக்காவின் வாடின முகத்தைப் பார்க்க ஏலாது. படத்தில் எங்கட பேச்சு சரியா என்று பார்க்க நீ எனக்குத் தந்த பிரதியைக் கடையில் போட்டுக் காட்டி, அவரின் பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தேன். பலநாள் கடலில் நிற்கும் படகுக்காரர் படகுக்குப் படகு தண்ணி மாற்றுவது போலப் படமும் மாற்றுவார்கள்தானே. இப்போது சிலாபம் வரை நீதான். பெரிய ஆள், போ!

மச்சான் ஹாசிம்

கொழும்பு
10.02.2025

ஹாசிம் மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். சிலாபம் வரை இல்லை, இணையம் முழுக்க ஓடுகிறது. வெளியே போனது என் கைக்கு வந்த பிரதி என்று, அதில் இருந்த ரகசியக் குறியை வைத்து கம்பனி கண்டுபிடித்துவிட்டது. 21ஆம் திகதி வெள்ளிக்குள், விட்டவனின் பெயர் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் நானே விட்டதாக எடுப்பார்கள், என் அடுத்த படம் அதோடு சரி. அஸ்மி காக்காவின் படகில் யார் என்று விசாரித்து எழுதுங்கள். இதில் பகிடி வேண்டாம்.

ஸஜீத்

பள்ளிவாசல்துறை
15.02.2025

மச்சான் ஸஜீத்,

ஓம், பகிடி இல்லை. விசாரித்தேன். அஸ்மி காக்கா உடப்பு ஊர்ப் படகுக்குக் கொடுத்தார், அவர்கள் நீர்கொழும்புப் படகுக்கு. அங்கால் யாருக்கும் தெரியாது. "என் பேரைக் குடு ஹாசிம்" என்று அவர் கடை வாசலிலேயே நிற்கிறார். நீ அதைக் குடுக்காதே. அவர் தன் முகத்தைப் பார்க்கக் கேட்ட மனுசன். ஏற்றிக் கொடுத்தது நான். என் பெயரை எழுது: முகம்மது ஹாசிம், போன் கடை. பொலிஸ் வந்தாலும் கடையில்தான் இருப்பேன்.

உன் ராத்தா என்னோடு கதைப்பதில்லை. நீ என் பெயரைக் கொடுத்தால் உன்னோடும் கதைக்கமாட்டாவாம். இனிச் சமையல் நான்தான், துஆ செய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அஸ்மி காக்கா கதிரையை டீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். ஓடி முடிந்து கறுத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கட ஆட்கள் ஒருவர் பெயரும் அதில் இல்லை மச்சான்.

கம்பனிக் கடதாசியிலாவது ஒரு பெயர் வரட்டும்.

ஹாசிம்