நீ விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது

கொச்சபம்பா
அக்டோபர் 14

அன்பு மகள் லிசெத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவளுடைய வலது முழங்காலும் நலம். இடது முழங்கால் நலமில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். அங்கே வலென்சியாவில் நீ, மாப்பிள்ளை எவெர், இரட்டைக் குட்டிகள் புருனோவும் நய்ராவும் எல்லோரும் சுகமா, புருனோவுக்கு மேல்வரிசைப் பல் முளைத்துவிட்டதா, நய்ராவுக்கு இருமல் விட்டதா. தினமும் போனில் முகம் பார்த்துக்கொள்கிறோமே, இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நய்ரா திரையை நக்க ஆரம்பிக்கிறாள், அம்மா என் தோளை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிறாள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய சமாச்சாரம், அதனால்தான் கடிதம்.

போன சனிக்கிழமை நீ அனுப்பிய படத்தை இதுவரை நாற்பது தடவையாவது பார்த்திருப்போம். சமையலறையில் நாற்காலியை விட்டுவிட்டுப் புருனோ நாலு அடி நடந்து அவன் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்கிறான், நீ போடுகிற கூச்சலில் நய்ரா அழுகிறாள். அம்மா பக்கத்து வீடு எதிர் வீடு என்று ஒன்று விடாமல் காட்டிவிட்டு வந்தாள். ஆனால் படத்தின் கீழே நீ எழுதியிருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா, இவனோட முதல் அடியை உங்க ரெண்டு பேர்கிட்டருந்தும் நான் திருடிட்டேன். அந்தப் பயணத்துல உங்களைப் படுத்தின பாடு போதும், இனிமே இதுங்க ரெண்டுக்கும் அஞ்சு வயசு ஆகட்டும், அப்புறம்தான் ஊருக்குக் கூட்டிட்டு வருவேன்" என்று எழுதியிருந்தாயே, எனக்கு இப்போதே அறுபத்து மூன்று வயதாகிறது மகளே. அதைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் தொண்டையில் நிற்கிறது. சொன்னால் உன் சந்தோஷத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுமோ என்று பயம், சொல்லாவிட்டால் நீ அழுதுகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாய். அம்மா சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறாள். முழுவதும் படித்து முடிக்கும்வரை கோபப்படாதே.

நான் எப்படி அந்த விமானத்தில் ஏறினேன் என்று உனக்குத் தெரியும். இங்கே குட்டிகளின் ஞானஸ்நான விருந்து முடிந்து மாப்பிள்ளை வேலைக்காக முன்னாலேயே போய்விட்டார், நீ இரண்டு கைக்குழந்தைகளோடு திரும்ப வேண்டும், ஒரு பெரிய ஆளுக்கு ஒரு மடி, ஒரு மடிக்கு ஒரு குழந்தைதான் என்று டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள். அம்மா பிரசவத்துக்கு அங்கே வந்து மூன்று மாதம் இருந்தவள், இப்போது முழங்காலும் ஒத்துழைக்கவில்லை, ஆக அந்த இன்னொரு மடி நான். விசா கேட்கப் போன இடத்தில் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்ட அதிகாரியிடம் மடி என்றுதான் சொன்னேன், அவர் மூன்று தடவை கேட்டும் எனக்கு வேறு பதில் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் ட்ரூஃபி ஓட்டினவன் நான், ஏழு பேர் வண்டியில் பதினோரு பேரை ஏற்றி ஒருவர் மடியில் ஒருவரை உட்காரவைத்தவன், என்னிடம் மடிக்குச் சட்டம் பேசுகிறார்கள்! அதுவும் போதாதென்று, ஆபத்துக்கு மேலேயிருந்து விழும் மூச்சுமூடி ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான் உபரியாம், அதனால் நம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவிடவில்லை. நீயும் நய்ராவும் நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை முன்னால், நானும் புருனோவும் இந்தப் பக்கம் பின்னால். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் பக்கத்து இருக்கையில் இருந்தவர்தான் இப்போது இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்திருக்கும் தோன்யா எலோதியா, புனாத்தாக்காரி, மகனைப் பார்க்க ஒரு பை நிறைய ஊர் ரொட்டியோடு வந்தார். அவருடைய பாவாடை மடிப்புகள் அவர் இருக்கையில் பாதியும் என் இருக்கையில் பாதியுமாக உட்கார்ந்திருந்தன. சாந்தா குருஸில் விமானம் மாறி ஏறியதும், மேலே ஏறும்போது குழந்தை வாயில் பால் குப்பியை வைத்தால் காது அடைக்காது என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அப்படியே வைத்தேன். புருனோ குடித்து முடித்துவிட்டான், விமானம் ஏறி முடிக்கவில்லை. அவன் வீரிட்ட வீரிடலில் முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின, எனக்கு வேர்த்து ஊற்றியது. தோன்யா எலோதியா பையிலிருந்து ரொட்டி ஒன்றைப் பிய்த்து, "அண்ணே, இந்த ஓரத்தை அவன் வாயில குடுங்க, சப்பிக்கிட்டே இருந்தா காது தானா திறந்துக்கும். ஆறு புள்ளைங்களை பஸ்ஸுல மலை ஏத்தி எறக்கினவ சொல்றேன்" என்றார். கொடுத்தேன், கப்சிப். மலைப்பாதையில் வண்டி ஓட்டிய எனக்கு இது தோன்றவில்லை பார். விமானி நல்ல ஓட்டுநர்தான், மேகத்துப் பள்ளங்களில் நிதானமாக விட்டார், ஆனால் ஹார்ன் அடிக்கவே வழியில்லாத வேலை, பாவம். அதற்கப்புறம் புருனோ என் ஒரே டையில் வாந்தி எடுத்தான், கழிவறையில் நான் அவனுக்குத் துணி மாற்றும்போது கதவு திறந்துகொண்டது, அவாயோத் துணியில் அவனை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தால் பணிப்பெண் வந்து அவிழ்க்கச் சொன்னாள். இதையெல்லாம் நீ பார்த்தாய், பார்த்து என்னிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய். படுத்தின பாடு என்று நீ எழுதியது இதைத்தான். அப்புறம் சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்குள், "அப்பா, அஞ்சே அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன்" என்றாய். புருனோவின் பல்வலியும் பெட்டி கட்டுவதுமாக மூன்று நாளாக நீ தூங்கவில்லை. நய்ராவை மார்பில் போட்டுக்கொண்டு வாயில் ஈ போவதுகூடத் தெரியாமல் தூங்கினாய், அந்த ஐந்து நிமிஷம் ஐந்து மணி நேரம் நீண்டது. இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

பொழுது சாய்கிற நேரம், ஜன்னலெல்லாம் சிவப்பு. எதிர்த் திரையில் நம் விமானம் பிரேசிலின் கரையை விட்டுக் கடலில் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. புருனோ மடியில் இருக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டதால் நடைவழியில் இறக்கிவிட்டேன், தோன்யா எலோதியாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உன் இடது கை இருக்கைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, அம்மா கண்ணேறு படாமலிருக்கக் கட்டிவிட்ட சிவப்புக் கயிற்றோடு. அவன் அதையே பார்த்தான். பாவாடையை விட்டான். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மண்டியிட்டேன், தொடவில்லை, மூச்சுகூட விடவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று அடி மகளே, மூன்று முழு அடி. மூன்றாவதில் சாய்ந்தான், சாய்ந்தவன் உன் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். நீ கண் திறக்கவில்லை, ஆனால் தூக்கத்திலேயே உன் கை மூடி அவன் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம். சுற்றியிருந்த ஏழெட்டுப் பேர் கைதட்டப் போனார்கள். நான் உதட்டில் விரலை வைத்து உன்னைக் காட்டினேன். "பெத்தவ பார்க்காத முதல் அடியைப் பாட்டன் பார்த்தான்னு தெரிஞ்சா அவ மனசு என்ன பாடுபடும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று தோன்யா எலோதியா எல்லோருக்கும் கிசுகிசுத்தார். எல்லோரும் சத்தம் வராமல் கையை மட்டும் ஆட்டினார்கள். அது நான் சாகும்வரை மறக்காத கைதட்டல்.

முதல் அடி வைத்தால் நம் மண்தாய் பச்சமாமாவுக்கு ஒரு வாய் கொடுக்காமல் இருக்க முடியுமா. கையில் இருந்தது ஆரஞ்சுச் சாறு, காலடியில் இருந்தது கம்பளம். ஒரு சொட்டு ஊற்றினேன். பணிப்பெண் துணியோடு ஓடிவந்து, "ஐயா, சிந்திட்டீங்களா?" என்றாள். "சிந்தலம்மா, ஊத்தினாரு" என்றார் தோன்யா எலோதியா. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண், சமவெளிச் சாந்தா குருஸ்காரி அல்லவா, "மலைக்காரங்களுக்கு ஆகாயத்துல ஏறினாலும் புத்தி மண்ணுலதான்" என்று கிண்டல் செய்துகொண்டே துடைத்தாள், ஆனால் அந்தச் சொட்டு விழுந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தாள். எனக்குத்தான் சந்தேகம், மண் பதினோரு கிலோமீட்டர் கீழே இருக்கிறது, அதுவும் நடுவில் கடல், போய்ச் சேருமா என்று. "வண்டி எறங்கும்போது தானா சேருது, விடுங்கண்ணே" என்றார் தோன்யா எலோதியா.

அப்புறம் உன் வீட்டில் இருந்த பத்து நாளும் எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. புருனோ எதையாவது பிடித்து எழுந்தால் போதும், வாய் உளறிவிடாமல் இருக்க நான் இருமுவேன், நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாய். பையன் நடக்கவே இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரம் வாரமாகப் போனது, இன்னும் தவழ்கிறான் என்றே சொன்னாய். அந்தச் சொட்டு போய்ச் சேரவில்லை என்றே முடிவுகட்டிவிட்டேன். செப்டம்பரிலும் இந்த மாதமும் மண்ணுக்கு முதல் வெள்ளிக்கிழமைப் புகை போடும்போது முற்றத்தில் ஒரு குவளைக்கு இரண்டு குவளையாகச் சிச்சா ஊற்றினேன், "என்னய்யா, மண்ணைக் குடிகாரியாக்கிடுவ போலிருக்கே" என்று அம்மா கேட்டாள். இந்த மாத வெள்ளிக்கு மறுநாள் உன் படம் வந்தது. நான் துள்ளிக் குதித்ததை நடிப்பு என்று நினைத்துவிடாதே, அது அசல். போன ஞாயிறு, ஊர் திரும்பி இப்போது மறுபடியும் மகனிடம் புறப்படுகிற தோன்யா எலோதியா நம் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்ததும் வாய்தவறி, "அட, மறுபடியும் நடந்துட்டானா!" என்றுவிட்டார். அதற்கப்புறம் உன் அம்மாவிடம் நான் பட்டதை எழுத இந்தக் காகிதம் போதாது. "ஆறு வாரமா என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு இதை மறைச்சியா" என்று இரண்டு நாள் எனக்குச் சூப்பில் உப்பே போடவில்லை.

இப்போது சொல், யார் யாரிடமிருந்து திருடியது? நான்தான் உன்னிடமிருந்து. ஆனால் மகளே, விமானத்துக் கம்பளம் தரையாகுமா? தரையில் அவன் வைத்த முதல் அடி உன் சமையலறையில்தான், அதில் எனக்குப் பங்கு இல்லை, ஆகாயத்து அடியில் உனக்குப் பங்கு உண்டு, அவன் உன்னிடம்தானே நடந்து வந்தான். நீ எங்களைப் படுத்தவுமில்லை, எதையும் பறிக்கவுமில்லை. அந்தப் பதினோரு மணி நேரத்தை வாந்தியோடும் டையோடும் இன்னொரு தடவை தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொள்வேன். திங்கட்கிழமை நீ வேலைக்குப் போகிறாய், குட்டிகள் காப்பகத்துக்குப் போகிறார்கள். நான் இல்லாதபோது எதையாவது முதல் தடவையாகச் செய்துவிடுவார்களே என்று நினைத்து அழாதே. காப்பகத்து அம்மா நல்லவளாக இருந்தால் அவளும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள், நீ வீட்டில் பார்ப்பதுதான் முதலாவது.

தோன்யா எலோதியாவிடம் கொடுத்தனுப்பிய ரொட்டியை அன்றே சாப்பிட்டுவிடு, சுன்யோ உருளையை இரண்டு நாள் ஊறவை. நய்ராவுக்குக் காற்று படாமல் காதை மூடு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கடவுளும் கன்னிமாதாவும் உங்கள் நால்வரையும் ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும். இரண்டு வயது வரைக்கும்தான் மடியில் விடுவார்களாம், என் மடிக்கு இன்னும் பத்து மாதம் ஆயுள் இருக்கிறது, அதனால் கார்னிவலுக்கு வா, பிப்ரவரியில் நானே வந்து அழைத்துப்போகிறேன். இன்னொன்று. நய்ரா இன்னும் உட்கார்ந்தே நகர்கிறாள் என்றாய். அவள் நடந்துவிட்டால் எங்களுக்குச் சொல்லாதே, படமும் அனுப்பாதே. பிப்ரவரியில் நம் முற்றத்தில் அவளை இறக்கிவிடு, இருமல் வந்தால் இருமிக்கொள். அங்கே அவள் உன் அம்மாவைப் பார்த்து வைக்கிற அடிதான் முதல் அடி என்று நாங்கள் நம்புவோம்.

என்றும் உன் அப்பா,
தெமெத்ரியோ ரொகபாதோ