சங்கிலிக்கு எண்ணெய் விட்ட நாள்

1987 ஜனவரி, சனிக்கிழமை இரவு, இன்டர்லாக்கன்

சாந்தி நல்ல நித்திரை. எனக்குத்தான் சந்தோஷத்தில் கண் மூட முடியவில்லை.

மத்தியான ரயிலில் மனைவி வருகிறாள் என்று நான் வேலை செய்யும் ஹோட்டலில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். காலையில் பார்த்தால் முற்றத்தில் இடுப்பளவு பனி. பனி தள்ளும் மெஷின் அசையவில்லை. அதன் சங்கிலி துருவேறி இறுகிப்போயிருந்தது. முற்றம் துப்புரவாகாமல் ஒருவரையும் வெளியே விட முடியாது என்றார் முதலாளியம்மா.

மெஷின்களைப் பார்க்கும் ஹான்ஸ் சங்கிலியைக் கழற்றித் தந்தான். நான் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி நிமிர்த்தி எண்ணெய் விட்டோம். கூட விட்டால் ஊத்தை ஒட்டும் என்று ஹான்ஸ் அவசரப்படவே இல்லை.

சமையலறைக் கதவால் கூட வேலை செய்யும் குணம் அண்ணை கத்தினார்: "டேய், ரயில் வரப்போகுது. இன்னும் சங்கிலியோட மினைக்கெடுறியோ?"

"இது ஓடினாத்தான் அண்ணை நான் ஓடலாம்!"

சங்கிலியை மாட்டி முடுக்கியதும் மெஷின் உறுமிக்கொண்டு பனியை வேலிக்கு அப்பால் வீசியது. பாதி முற்றம் வெளித்ததும், மிச்சத்தைத் தான் பார்ப்பதாகச் சொல்லி ஹான்ஸ் என்னைத் துரத்திவிட்டான்.

நான் போய்ச் சேர, ரயில் போய்விட்டது. வெறும் மேடையில் சாந்தி பெட்டியோடு நின்றாள். அவள் கையைப் பிடிக்கப் போனவன், என் கைக் கறுப்பைக் கண்டு பின்னுக்கு இழுத்தேன்.

"ஏனப்பா இழுக்கிறியள்? இந்தக் கைக்குத்தானே இவ்வளவு காலம் காத்திருந்தனான்" என்று அவளே பிடித்துக்கொண்டாள்.

வீடு வரும்வரை விடவில்லை. பிறகு இருவரும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சிரித்தோம். கறுப்பு முழுதாகப் போகவில்லை. இருக்கட்டும்.