முதல் தண்ணி

என் செல்வத்தோட அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்க இருக்கிற இடத்துலயும் நாலு குதிரை இருக்கும்னு நம்புறேன். இல்லாட்டி உங்களுக்குப் பொழுது போகாதே.

முதல்ல பிள்ளைங்க சேதி. பேரன் பாபு பொத்தேரி காலேஜ்ல படிப்பு முடிச்சு சிறுசேரியில வேலைக்குச் சேர்ந்துட்டான். வாலிபால்ல வாங்கின கோப்பை டிவி மேல இருக்கு, யாரையும் துடைக்க விடமாட்டான். அவன் அக்கா தேன்மொழி மாட்டு டாக்டருக்குப் படிச்சாளே, இப்போ பெங்களூருல ஆய்வுக்கூடத்துல இருக்கா. குதிரைங்களுக்கு வர்ற வைரஸைக் கண்டுபிடிச்சு, அது எந்த வகைன்னு பிரிச்சுச் சொல்றதுதான் வேலை. அஞ்சாவதோட நின்ன என் கையால இதை எழுதறப்பவே பூரிப்பா இருக்கு.

அந்தப் படிப்பு நம்ம குதிரைக் கொட்டகைக்கே வேலை செஞ்ச கதையைக் கேளுங்க. திருநீர்மலையில ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு ரெண்டு குதிரை கேட்டாங்கன்னு செல்வம் வெளியூர்லேர்ந்து ஒண்ணை வரவழைச்சான். நீங்க வெச்ச பழக்கம்தான் அவனுக்குத் தெரியுமே. வந்த குதிரைக்கு நம்ம தொட்டியிலதான் முதல் தண்ணி. அப்படியே காட்டினான். அது கொஞ்சம் இருமிக்கிட்டிருந்ததை யாரும் பெருசா எடுத்துக்கலை.

அது திரும்பிப் போன சில நாள்ல நம்ம குதிரை ராசாத்திக்கு ஜுரம், மூக்கு ஒழுகல். அவ அப்போ நிறை சினை. செல்வம் சோத்துல கை வைக்கலை.

லீவுல வந்திருந்த தேன்மொழி மூக்குல பஞ்சுக் குச்சி விட்டுச் சளி எடுத்தா. பிறகு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா:

"ஆயா, இந்தச் சளிக்கு ஒரே குடும்பத்துல ரெண்டு வைரஸ் கீது. ஒண்ணு சளியோட போயிடும். இன்னொண்ணு வயித்துக் குட்டியைக் கலைச்சுடும். பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். அதோட மரபணுவைப் படிச்சாத்தான் எதுன்னு தெரியும்."

ராசாத்தியைத் தனியாக் கட்டச் சொல்லி, தண்ணிக்கும் தீனிக்கும் வேற வாளி வைக்கச் சொன்னா. வெளியூர்லேர்ந்து வர்ற குதிரைக்கும் இனிமே நம்ம தொட்டி வேணாம், தனி வாளிதான்னா. செல்வத்துக்குக் கோவம். அப்பா வெச்ச வழக்கத்தையா குத்தம் சொல்றேன்னு கத்தினான். அவ நிதானமாச் சொன்னா: "தாத்தா இருந்தா இந்நேரம் ரெண்டு வாளி அவரே வாங்கினு வந்திருப்பாரு."

செல்வம் வண்டியை எடுத்துக்கிட்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிட்டான். நீங்க நிஜமாவே வாங்கியிருப்பீங்களா? எனக்கென்னமோ ஒரு நாள் முறைச்சிட்டு, மறுநாள் வாங்கியிருப்பீங்கன்னு தோணுது.

தேன்மொழி சளியை ஐஸ் பெட்டியில வெச்சு அன்னிக்கே ரயிலேறினா. அவ போன் வர்ற வரைக்கும் ராசாத்தி வயித்துல கை வெச்சு, குட்டி அசையுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில கூப்பிட்டா. சளியோட போற வகைதானாம். செல்வம் போனை என்கிட்ட குடுத்துட்டு ராசாத்தி கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னான்.

குட்டி நல்லபடியாப் பொறந்துடுச்சு, ஆண். நெத்தியில வெள்ளைச் சுட்டி. உங்களை மாதிரியே காலையில யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கறதில்லை.

வர்ற குதிரைக்கு முதல் தண்ணி இந்த வூட்டுல நிக்காதுங்க, அது என் பொறுப்பு. வாளி மட்டும் வேற. பச்சை வாளி.

தேன்மொழி, நீயும் இதைப் படிப்பே. போன மாசம் வந்தப்போ குட்டியோட நின்னு போட்டோ எடுத்தியே, அதைக் கழுவித் தபால்ல போடு கண்ணு. செல்போன்ல இருக்கறதை உங்க தாத்தா படத்துக்குப் பக்கத்துல மாட்ட முடியாது.

என்றும் உங்க,
செல்வத்தோட அம்மா