மேலே பூசிய நீலம்

அன்பு மகள் பெய்ரோங்குக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மின்மின்னும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா, ரோட்டர்டாமில் குளிர் விட்டதா. இங்கே நானும் அப்பாவும் மூன்று வேளையும் பசித்துச் சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. இந்த வருஷம் சிப்பி பொடிசு, ஆனாலும் நம் நூடுல்ஸ் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன், நீதான் ஒன்பது நாளாக எடுக்கவில்லை. உன் பழைய ஓவியத்தை எடுத்து நான் அனுப்பிய போட்டோவுக்கு "ஆமாம்மா, எனக்குத் தெரியும், எதுக்கு இப்ப அதக் கிளறுற" என்று ஒரு வரி எழுதினாய், அதோடு சரி. போனைத் துண்டிக்கலாம், கடிதத்தைத் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்கு எது தெரியும் எது தெரியாது என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.

நீ நாலாம் வகுப்பில் வரைந்து நாடு முழுவதற்குமான போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம், நம் கடைச் சுவரில் இருபத்துமூன்று வருஷமாகத் தொங்கியது. பள்ளியின் எண்பதாம் ஆண்டு விழாக் கண்காட்சியில் அதை நடுவில் மாட்ட வேண்டும், உனக்கு ஓவியம் சொல்லித்தந்த சுவாங் டீச்சரை மேடையில் கௌரவிக்க வேண்டும், ஓவிய வகுப்பு நம் ஊருக்கு என்ன தந்தது என்று நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று புது ஹெட்மாஸ்டர் கடைக்கே வந்து கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடிக்குள் ஈரம் கோர்த்திருந்ததால் சியாயி நகரில் படங்களுக்குச் சட்டம் போடும் லியாவிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியை மெல்லத் தூக்கினார், அந்தப் பெரிய மஞ்சள் சூரியன் அப்படியே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் ஐயோ என்று கத்திவிட்டேன். லியாவ் கத்தவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அக்கா, கீழ க்ரேயான், மேல போஸ்டர் கலர். க்ரேயான் மேல அது நிக்காது, இத்தன வருஷம் நின்னதே பெருசு" என்றார். பிறகு மெதுவாக, "கீழ இருக்கிறது பிள்ளைக் கை. மேல இருக்கிறது பெரியவங்க கை" என்றார்.

சூரியன் போன இடத்தில் ஒரு பெண் நின்றாள். கரைமேட்டில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, முகம் இல்லாமல், கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்க. ஒரு காலில்தான் செருப்பு. ஓரத்தில் நீலம் உரிந்த இடத்தில் கடல் சேற்று நிறமாக இருந்தது. பெய்ரோங், எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த வருஷப் புயலில் அப்பாவின் தெப்பம் திரும்பாமல், மறுநாள் மதியம்வரை நான் கரையில் நின்றேனே, அந்த நாள். சேற்றில் ஒரு செருப்பு புதைந்துபோனது, குனிந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். நீ பார்த்திருக்கிறாய். பத்து வயதில், செருப்பு முதற்கொண்டு பார்த்து வரைந்திருக்கிறாய். அதன்மேல் ஒருத்தர் சூரியனைப் பூசி, தெப்பத்தில் சிரிக்கிற அப்பாவை நிறுத்தி, கடலை நீலமாக்கிப் பரிசு வாங்கியிருக்கிறார். நானும் அந்த நீலத்தைக் காட்டிக் காட்டி வருகிறவர்களுக்கெல்லாம் நூடுல்ஸ் பரிமாறியிருக்கிறேன்.

அங்கிருந்து நேராக சுவாங் டீச்சர் வீட்டுக்குத்தான் போனேன். வயசாகிவிட்டது, கொய்யாக் காய்களுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு டீ ஊற்றினார், போனில் எடுத்திருந்த போட்டோவைக் காட்டியதும் கெட்டிலைக் கீழே வைத்தார். மறுக்கவே இல்லை. "பெய்ரோங்கம்மா, அந்த வருஷம் ஓவிய பீரியட் ரெண்டையும் கணக்குக்குக் குடுத்துட்டாங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஒரு பரிசு கொண்டு வா, பீரியடத் திருப்பித் தரேன்னார் பழைய ஹெட்மாஸ்டர். உங்க பொண்ணு படத்த அப்படியே அனுப்பியிருந்தா எவன் பார்த்திருப்பான்? கடலோரப் பிள்ளைன்னா நீலக் கடல், சிரிச்ச முகம், அதான் அவங்களுக்கு வேணும். அந்த ஒரு பரிசாலதான் பதினெட்டு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்க கையில பிரஷ் இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை மகளே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் கையில் பிரஷ் இருந்தது சரி, அவர்கள் கண்ணால் பார்த்ததை யார் கேட்டார்கள்? படம் வரையச் சொல்லித்தருவது எதற்கு, ஊருக்குப் பிடித்த மாதிரி கடலை மாற்றிக் காட்டவா? இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தோன்றியது. பூசியதைப் பார்த்து பெய்ரோங் என்ன சொன்னாள் என்று மட்டும் அவரிடம் கேட்டேன். "அழல. 'டீச்சர், எங்கம்மா எங்க?'ன்னு கேட்டா. சூரியனுக்குப் பின்னாடி பத்திரமா இருக்காங்கன்னேன்" என்றார். நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

விழாவுக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சூரியன் உரிந்த அந்த ஓட்டையைப் பூசி அடைத்துத் தரட்டுமா என்று லியாவ் கேட்டார், வேண்டாம் என்று அப்படியே வாங்கிக்கொண்டு போய் மாட்டினேன். ஹெட்மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. மைக்கில் நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. இந்த நீலமும் சூரியனும் என் மகள் வரைந்ததில்லை, என் மகள் வரைந்தது அந்த ஓட்டைக்குள் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். மீன் உருண்டை விற்கிற ஆஷியாதான் பின்னாலிருந்து, "போதும்க்கா, டீச்சர் இல்லாட்டி உன் பொண்ணு பேரு இந்த ஊரத் தாண்டியிருக்குமா? சாப்பாடு ஆறுது" என்றாள். ஜனங்கள் சிரித்தார்கள். டீச்சர் கேடயத்தை வாங்காமல் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டார். யாரோ நாலைந்து பேர் படத்தருகே வந்து பார்த்தார்கள். ஆஷியா இப்போது சிப்பியை நம்மிடம் வாங்காமல் வேறு இடத்தில் வாங்குகிறாள். நான் செய்தது சரியா தப்பா தெரியவில்லை. டீச்சரின் குனிந்த முதுகு கண்ணிலேயே நிற்கிறது, ஆனாலும் மன்னிக்க மனசு வரவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். இத்தனை வருஷம் நான் பெருமையடிப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி வாயை மூடியிருந்தாய்? பிறகு யோசித்தால், பரிசு வந்த நாளில் தெருவுக்கே இலவசமாக நூடுல்ஸ் போட்டவள் நான், அதே மாதிரி நீலக் கடல் இன்னொன்று வரை என்று உன்னைப் பிடித்து உட்காரவைத்தவள் நான். எனக்கு வரைய வராது என்று நீ க்ரேயான் பெட்டியை நீட்டியபோது சோம்பேறி என்று திட்டியதும் நான்தான். என்னிடம் எப்படிச் சொல்லியிருப்பாய். மின்மின்னை ஓவிய வகுப்பில் சேர்க்கவில்லை என்று புத்தாண்டுக்குப் போனில் உன்னைக் கடிந்துகொண்டேன், அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வகுப்பு வேண்டாம், போட்டிக்கு அனுப்பவே வேண்டாம். ஆனால் வீட்டில் தாளும் க்ரேயானும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். என்ன வரைந்தாலும் அழகாயிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதே, இது யார், இங்கே என்ன நடந்தது என்று கேள்.

நேற்று அப்பா படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "நீங்க வந்துருவீங்கன்னு தெரியும், நிம்மதியா சிப்பி உடைச்சுட்டிருந்தேன்னுல்ல அன்னைக்குச் சொன்ன?" என்றார். பொய் சொன்னேன் என்றேன். செருப்பில்லாத அந்தக் காலைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். சாப்பிட்ட பிறகு, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக, என் கிண்ணத்தையும் சேர்த்து அவரே கழுவினார்.

மிச்ச நீலத்தையும் பக்குவமாக எடுத்துவிட முடியும் என்கிறார் லியாவ். அது உன் படம், நீ சொல்லாமல் யாரையும் கைவைக்க விட மாட்டேன். எடுக்கச் சொன்னாலும் சரி, விடச் சொன்னாலும் சரி, உன் வாயால் நான் கேட்க வேண்டும். திட்டுவதானாலும் போனில் திட்டு. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு என் அன்பு, மின்மின்னுக்கு நூறு முத்தம். கடலம்மா உங்கள் மூவரையும் நிழல்போல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ட்சாய் பீசூ