தாரா என்று கூப்பிட ஓர் இடம்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

கண்ணுக்குள்ளேயே இருக்கும் மகள் தாராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் கிருபையால் நலம். நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். பக்கத்து வீட்டு சௌந்தர்யாவும் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்துக்கே வருகிறாள். அவளிடம் இதையும் ஆற்காடு மக்கன் பேடாவையும் கொடுத்தனுப்புகிறேன். நசுங்கியிருந்தால் அவளைத் திட்டு, என்னை அல்ல.

உன் பேரில் அங்கே ஒரு மலை இருக்கிறதென்று படம் அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். அது மலையாடி? ஏலகிரியைப் பார்த்த கண்ணுக்கு ஏரிக்கரை மாதிரி இருக்கிறது. ராஜாக்கள் முடிசூட்டிக்கொண்ட இடம் என்கிறாய், இருக்கட்டும். நமக்கு அந்தப் பேர் அப்பாவின் தோஸ்த் நயீம் பாய் கொடுத்தது. நீ பிறந்த டிசம்பரில் அப்பா வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். பாய் அண்ணாந்து பார்த்து, “எங்க பாஷைல இதுக்குத் தாரான்னு பேரு ஜோசுவா, புள்ளைக்கு வையேன்” என்றார். நீ நடக்க ஆரம்பித்ததிலிருந்து, ஷிப்ட் முடிந்து வரும் அப்பா தெருமுனையிலேயே உன் பேரைக் கூவிக்கொண்டுதான் சைக்கிளைத் திருப்புவார். தெருவே சிரிக்கும். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவரைக் கேட்காமல் அங்கேயே நீ கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, அந்தப் பேரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றுவிட்டார். எப்போதாவது ‘உன் பொண்ணு’ என்பார், அவ்வளவுதான். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால், உனக்குத் தெரியாதா.

போன வாரம் சாப்பாட்டு கேரியரை மறந்துவிட்டுப் போனார். தோல் பதனிடும் ஷாப்புக்கு எடுத்துப் போனேன். குடோனுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது: “தாராவைப் பாத்து எறக்குடா! தாரா மேல ஈரம் படக்கூடாது!” கேரியரோடு கதவோரமாய் ஒதுங்கி எட்டிப் பார்த்தேன். நயீம் பாய்தான் மூட்டையைக் காட்டினார். பெரு நாட்டிலிருந்து வருகிறதாம், தோல் பதனிட ஏதோ காயை அரைத்த மாவு. அதற்கும் தாரா என்றே பேர், மூட்டைமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. “இன்னாத்த சொல்றது தங்கச்சி, தூசுல இருமல் ஜாஸ்தியாயிடுச்சு. கேட்ல சும்மா உக்கார்ற வேலை குடுத்தாங்க, வேணான்ட்டான். இங்கதான் நாள்பூரா கூப்ட்டுக்கினு கெடக்கறான்” என்றார். கேரியரை அவரிடமே கொடுத்துவிட்டு, அப்பா பார்க்கும் முன்னால் வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகை, கோபம். பெற்ற பிள்ளையைக் கூப்பிட ஒரு மனுஷன் மூட்டைக்குப் பின்னாலா போய் ஒளிவது?

இப்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வருகிற முதல் தேதியிலிருந்து அப்பா கேட்டில்தான். அங்கே அந்தப் பேரைச் சொல்ல ஒன்றும் கிடையாது. வீட்டிலும் சொல்லமாட்டார். நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு செத்துப்போவார்டி.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து, பிரியாணி சாப்பிட்டதும் கொஞ்சம் இளகியிருப்பார். அப்போது அவர் போனுக்கே கூப்பிடு. தெரிந்தும், யாரு என்று கேட்பார். பேரை நீ சொல்லாதே. அப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திரு. அவர் சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும் வைத்துவிடாதே.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
மெர்சி