கிணற்று உப்பும் கடல் தரையும்

நாளைய உன் இரங்கல் கூட்டத்துக்காகக் கல்லூரிப் பையன்கள் செஞ்சியிலிருந்து ஒரு கறுப்புக் கல் துண்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உன் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறார்களாம். உங்கள் ஊர் மலை முழுக்க வெளிர்கல். அதன் வெடிப்புகளில் எரிமலைக் குழம்பு ஏறி உறைந்த கறுப்புப் பட்டை இது. உன்னை வெயிலில் அலையவிட்ட சனியன்.

அறுபதுகளின் கடைசி. கடல் தரை கண்டத்துக்கு அடியில் புகுந்து போகிறது, அது கொண்டுபோகும் கடல் உப்பின் சுவடு மேலே வரும் எரிமலைப் பாறையில் இருக்கும் என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். பாதிப்பேர் சிரித்தார்கள். நீ ஊருக்குப் போய்க் கல்லை உடைத்து, இடித்து, அலசிக் காயவைத்து அனுப்பினாய். சென்னையில் நான் சோதித்தேன். சோடியம் எகிறியிருந்தது. “கடல்டா” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். மாநாட்டில் கட்டுரை படிக்க இடம் கிடைத்தது. வெளிநாட்டுப் படிப்புக்கும் வழி தெரிந்தது.

அதற்குள் ஒருநாள் உன் அண்ணி உலை வைக்காமல் நின்றிருக்கிறார். “கெணத்துத் தண்ணில பருப்பு வேவாது தம்பி, ஒரே உப்பு. நல்ல தண்ணி வரட்டும்.”

அந்தக் கிணற்றில்தான் நீ கல்லை அலசியிருந்தாய். குடிக்க, சமைக்க நல்ல தண்ணி, கழுவ உப்புத் தண்ணி என்று பிறந்ததிலிருந்து பழகின கை. யோசிக்கவே இல்லை. சோடியமே இல்லாத வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை இடித்து, அதே தண்ணீரில் அலசிக் கொண்டுவந்தாய். அதிலும் சோடியம் வந்தது.

“இது கடல் இல்லடா, எங்க வூட்டுக் கெணறு” என்றாய். யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். “எனக்குத் தெரியுமே.” கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாய். பிறகு ரிட்டயர் ஆகும்வரை சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் சோதித்தாய்.

செஞ்சிப் பாறையில் கடல் தரையை முதலில் கண்டவன் நீ என்று நாளை நான் மேடையில் சொல்ல வேண்டுமாம். உன் மகள் போன் செய்தாள். “ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாமா. நைனாவுக்கு வேற இன்னா இருக்குது?”

எனக்கு அலுப்பாக இருக்கிறது. தலையாட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. உன்னைப் பெரிய ஆளாக்கிப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் வாய் வராது. இவன் கண்டான், தப்பு என்று தெரிந்ததும் யாரும் கேட்காமலே இல்லை என்றான் என்றுதான் சொல்வேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உன் மகளுக்கு அது போதாது. எனக்கு உன்னிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான்.