விழுங்க முடியாத இழை

மார்ச் 3, செவ்வாய்

தம்பியின் நுரையீரலில் பூஞ்சை. உறுதியாகிவிட்டது. ரத்தப் புற்றுக்குக் கொடுத்த மருந்து அவனுடைய வெள்ளணுக்களையும் துடைத்துவிட்டதால், காற்றில் வந்த பூஞ்சை வித்துகளைத் தட்டிக்கேட்க ஆளில்லை. ஆய்வகத்தில் நான் தட்டில் ஊட்டி வளர்க்கும் அதே வகை. அவனிடம் சொன்னேன்.

"உன் புள்ளையா அக்கா? அதான் மாமன்னு உரிமையா மேல ஏறி விளையாடுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5

"பூஞ்சைக்கு ஏத்துற மருந்தே போதும்ல அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. தெரியாது என்றேன். போதும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

விடுமுறைதான். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? ஆய்வகம் போனேன். நுண்ணோக்கியில் வழக்கமான காட்சி. பூஞ்சை வித்தாக இருக்கும்வரை ஒரே வெள்ளணு அதை விழுங்கிவிடும். இழையாக நீண்டுவிட்டால் எதற்கும் வாய் கொள்ளாது. அப்போது ஒரு வெள்ளணு போய் ஒட்டிக்கொண்டு ஏதோ கசியவிடும். அந்த வாடை பிடித்து இன்னொன்று, பிறகு கும்பலாக. இழையே தெரியாமல் மூடிவிடும்.

தட்டில் இருந்தவை என் ரத்தத்தின் வெள்ளணுக்கள். அவனுக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒரு நாள் தாங்காது மேடம். அவரோடது வரணும்."

மார்ச் 11

வெள்ளணு எண்ணிக்கை ஏறுகிறதாம். பார்க்கலாம்.

மார்ச் 13

மறுபடி காய்ச்சல். சளியில் ரத்தம். ஸ்கேனில் நிழல் முன்பைவிடப் பெரிது. எண்ணிக்கையும் ஏறுது, நிழலும் ஏறுதுன்னா என்ன அர்த்தம்? டாக்டரிடம் கத்தியேவிட்டேன்.

"படை இப்பதான் போய்ச் சேர்ந்திருக்கு மேடம். சண்டை நடக்குற இடம் வீங்கத்தானே செய்யும்?"

படையாம். மாணவர்கள் அப்படி எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். ஆறுதலுக்குச் சொல்றாரா? தட்டுல எதுவும் வீங்காது — தட்டுல ஏது நுரையீரல்? இத்தனை வருஷம் என்னத்தப் பாத்தேன் நான்?

மார்ச் 16

காய்ச்சல் இல்லை.

மார்ச் 24

நிழல் சுருங்கியிருக்கிறது. அதன் ஓரத்தில் பிறை வடிவில் காற்று. செத்த பகுதி பிரிந்து வருகிறது, நல்ல அறிகுறி என்றார் டாக்டர். இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

"உன் புள்ளைய நாலு பேர வச்சு அடக்கியாச்சு. கோவிச்சுக்காதக்கா."

இந்த முறை சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். மதியம் சோபாவிலேயே தூங்கிப்போனான். வீடு அதிரக் குறட்டை.

"இதுக்கு ஆஸ்பத்திரியே தேவல. திருப்பிப் படுக்க வைங்க அண்ணி" என்றாள் அவன் மனைவி.

"இருக்கட்டும்" என்றேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேட்டுக்கொண்டிருந்தோம்.